விருந்து வேறு, உறவு வேறு

கோடை வந்துவிட்டால் சேர்வராயன் மலையில் நம்மவர் கூட்டம் பெருகிவிடுகிறது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் விடுமுறைக்கு வரும் சபுராளிக் குடும்பங்கள், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டின் குளிரில் சில நாள் தங்கிச் செல்கின்றன. சென்ற கோடையில் அத்தகையதொரு குழுவினருடன், காப்பித் தோட்டத்தை ஒட்டிய விடுதியொன்றில் ஒரு மாலைப் பொழுது அமர்ந்திருந்தோம்.

பேச்சு அயலகத்து விருந்தோம்பலைப் பற்றியதாயிருந்தது. புதிதாக வந்திறங்கிய ஊர்ப்பிள்ளைக்கு வேலை கிடைக்கும்வரை அறையில் இடமும் சட்டியில் சோறும் கொடுத்ததைச் சொன்னார்கள். ஒருவர் மௌத்தாகிவிட்டால் ஒரே இரவில் பணம் திரட்டி ஜனாஸாவை ஊருக்கு அனுப்பியதைச் சொன்னார்கள். கேட்கக் கேட்க உள்ளம் குளிர்ந்தது. அப்போது மழை பிடித்துக்கொள்ள, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் மூவர் விடுதித் தாழ்வாரத்தில் வந்து ஒதுங்கினர். “வடக்கன் பிள்ளைகள், விரட்டிவிட்டுக் கேட்டைச் சாத்து” என்றது நம் கூட்டத்திலிருந்தே ஒரு குரல். மறுத்துப் பேசியவர் எவருமிலர். நாமும் உடனே வாய் திறக்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அயலகத்தில் நம்மவர் செய்துவரும் நன்மையை நாம் குறைத்துக் கூறவில்லை. அது இன்று நேற்று வந்த வழக்கமன்று. பினாங்கில் 1801-இல் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும், சிங்கப்பூரில் 1826-இல் ஜாமிஆ சூலியாப் பள்ளிவாசலையும் எழுப்பிய நம் முன்னோர், தொழுவதற்கு மட்டுமல்லாமல் கரையேறி வருபவன் தன் மக்களைக் கண்டுகொள்வதற்கும் ஓரிடம் அமைத்தார்கள். ஆனால் ஊரானுக்கு ஊரான் சோறிடுவதை ‘விருந்து’ என்று பெயரிட்டுப் பெருமை கொள்வதைத்தான் மறுக்கிறோம். அது உறவைப் பேணுதல். ஸிலத்துர் ரஹிமைச் சேர்ந்த நற்கருமம். விருந்தோம்பல் வேறு.

தமிழில் விருந்து என்னும் சொல்லுக்கே புதுமை என்பது பொருள். முன்பு அறியாதவனாய் வருபவனே விருந்தினன். இல்வாழ்வானின் கடமைகளை எண்ணிய வள்ளுவரும் விருந்தையும் சுற்றத்தையும் தனித்தனியாகவே எண்ணினார். அரபியில் ‘ளைஃப்’ என்னும் சொல்லின் வேர், ஒன்றின் பக்கம் சாய்தலைக் குறிக்கும். வழி சென்றவன் நம் வாசற்பக்கம் சாய்ந்தால் அவன் ளைஃப். நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் வந்தவர்கள் முன்பின் அறியாத கூட்டத்தார். அவர்கள் யார், எதற்கு வந்தார்கள் என்று விசாரிப்பதற்கு முன்னரே கொழுத்த கன்றின் இறைச்சி அவர்கள் முன் வைக்கப்பட்டதென்று திருமறை உரைக்கின்றது. ‘எந்த ஊர்? யார் மகன்?’ என்று கேட்டுவிட்டுக் கதவு திறக்கும் நமது சங்கங்கள் இதைச் சிந்திக்க வேண்டாமா?

ஏற்காட்டுத் தோட்டங்களில் இன்று ஜார்க்கண்ட் முதலான வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் காப்பிப் பழம் பறிக்கிறார்கள், மிளகு பறிக்கிறார்கள். லைன் வீடுகளில் குடியிருந்து, மொழி விளங்காத கடைத்தெருவில் விரலைக் காட்டி அரிசி வாங்குகிறார்கள். துபாயிலும் தம்மாமிலும் நம் பிள்ளைகள் செய்வது இதுவேயன்றோ? மலாய் நாட்டில் நம்மைக் ‘கெலிங்’ என்று இழித்தபோது நமக்கு நெஞ்சு எரிந்தது. அதே எரிச்சலை ‘வடக்கன்’ என்னும் சொல்லால் பிறர் நெஞ்சில் மூட்ட நமக்கு யார் உரிமை தந்தார்?

“அவர்கள் கூலிக்கு வந்தவர்கள்; விருந்தினராக வரவில்லையே” என்பாரும் உளர். நாம் மட்டும் அரபு நாட்டிற்கு எதற்குச் சென்றோம்? கூலிக்குத்தானே! “அவர்களிற் பலர் நம் மார்க்கத்தினர் அல்லரே” என்பாரும் உளர். நஜ்ரானிலிருந்து வந்த கிறித்தவத் தூதுக்குழுவை நபி (ஸல்) அவர்கள் மதீனாப் பள்ளிவாசலிலேயே வரவேற்றார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. “மொழி தெரியாதே” என்பது மூன்றாவது சாக்கு. நமது மதரஸாக்களில் உருது படித்த ஆலிம்கள் எத்தனையோ பேர். ஹிந்தி அறிந்தவனுக்கு உருதுப் பேச்சு விளங்கும். கிதாபு ஓதக் கற்ற அம்மொழியில், ‘சாப்பிட்டீர்களா?’ என்று ஒரு மனிதனைக் கேட்டால் கற்ற கல்வி குறைந்தா போகும்?

பெரிய திட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. ரமழானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியில் ஒரு பாத்திரம் லைன் வீடுகளுக்குச் செல்லட்டும். நோயுற்றவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அவன் சொல்வதை மருத்துவருக்கு எடுத்துரைக்க ஜமாஅத்தில் இருவர் முன்வரட்டும். விருந்தாளியின் உரிமை மூன்று நாள், அதற்குமேல் அளிப்பது தர்மம் என்பது நபிமொழி. ஆகவே எவரையும் காலமெல்லாம் சுமக்கும்படி நாம் சொல்லவில்லை. முதல் மூன்று நாளைக்காவது முகம் மலரும்படி கேட்கிறோம். விடுமுறைக்கு வரும் குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்குப் படகுத்துறையைக் காட்டுவதோடு அந்த வாசல்களையும் காட்டட்டும்.

இந்த மலையில் வந்தேறாதவர் யார்? காப்பி யமன் நாட்டுத் துறைமுகத்திலிருந்து உலகெங்கும் பரவிய பயிர். அதை இம்மலையில் பயிரிட்டவர், 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராயிருந்த ஸ்காட்லாந்துக்காரரான காக்பர்ன். மலையாளிகள் எனப்படும் இம்மலையின் பழங்குடி மக்களும் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். வந்தவர்களையெல்லாம் மலை ஏற்றுக்கொண்டது. நேற்று வந்து நாளை இறங்கப் போகும் நாம், கேட்டைச் சாத்துகிறோம்!

அயலகத்தில் நம் பிள்ளைக்கு ஒருவன் கதவு திறக்க வேண்டுமென்று இரவெல்லாம் துஆச் செய்யும் தாய்மார்களே, உங்கள் வாசலில் ஒதுங்கி நிற்பவனுக்காகவும் எங்கோ ஒரு தாய் அதே துஆவைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு விடையளிக்கும் கையாக உங்கள் கையை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.