ஒரே பாட்டுக்காரரா எரல் பிரவுன்?



அண்மையில் ஆசிரியர் அறையில் ஒரு பழைய ஆங்கிலப் பாடல் ஒலித்தது. "ஓ, இவரா? ஒரே பாட்டில் பிழைத்தவர்!" என்று நண்பர் ஒருவர் சிரித்தார். பாடல், 'யூ செக்ஸி திங்'. பாடியவர், ஹாட் சாக்லேட் குழுவின் எரல் பிரவுன். நண்பரின் தீர்ப்பை நான் வன்மையாக மறுக்கிறேன்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1943இல் பிறந்து, 12 வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர் எரல். 1969இல் ஜான் லெனனின் பாடலொன்றை ரெகே இசையில் பாடினார். லெனனின் ஒப்புதலோடு பீட்டில்ஸின் ஆப்பிள் நிறுவனமே அதை வெளியிட்டது. 1970 முதல் 1979 வரை, அவர் குழுவின் பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இடம்பெறாத ஆண்டே இல்லை. 1977இல் 'சோ யூ வின் அகெய்ன்' முதலிடம் பிடித்தது. இதுவா ஒரே பாட்டு?

எண்ணிக்கை கிடக்கட்டும், பொருளைப் பாருங்கள். குடியேறிகளுக்கு எதிராக ஈனாக் பவல் 1968இல் முழங்கிய பேச்சின் சூடு ஆறாத நாடு அது. அங்கே எரலும் டிரினிடாட்டில் பிறந்த டோனி வில்சனும் 1973இல் 'பிரதர் லூயி'யைப் படைத்தனர். வெள்ளையின இளைஞனும் கறுப்பினப் பெண்ணும் காதலிக்க, பெற்றோரின் இனவெறி குறுக்கே நிற்கும் கதை. அடுத்த ஆண்டு வந்த 'எம்மா', திரைக்கனவு பொய்த்து உயிரை மாய்த்துக்கொண்ட பெண்ணுக்கான புலம்பல். இவற்றையெல்லாம் கேளாமலே ஒருவரை ஆட்டப் பாட்டுக்காரர் என முத்திரை குத்துவது அறியாமை அன்று, சோம்பல்.

அந்த ஆட்டப் பாட்டின் கதையும் நமக்குப் பாடமே. 1975இல் அது வேறொரு பாடலுக்குத் துணையாக இசைத்தட்டின் பின்பக்கத்தில் கிடந்தது. தயாரிப்பாளர் மிக்கி மோஸ்ட் அதை மெருகேற்றி முன்பக்கத்திற்குக் கொண்டுவந்தார். பிரிட்டனில் 2ஆம் இடம் கிடைத்தது. 1987இலும், 'தி ஃபுல் மான்டி' திரைப்படம் வந்த 1997இலும் அது மீண்டும் முதல் பத்துக்குள் நுழைந்தது. எரல் 2015இல் மறைந்தார், பாடல் மறையவில்லை.

ஒரே பாட்டை வைத்து ஒரு மனிதரை அளப்பவர், ஒரே தேர்வுத்தாளை வைத்து ஒரு பிள்ளையை அளக்கவும் தயங்கமாட்டார். நானும் அப்படித் தீர்ப்பெழுதியதுண்டு, இன்று வெட்கப்படுகிறேன். நம் வகுப்புகளிலும் பின்பக்கத்தில் கிடக்கும் பிள்ளைகள் உள்ளனர். தட்டைத் திருப்பிப் போட வேண்டியவர்கள் நாமல்லவா?

சிந்திப்போம்.