உயர்த்திய ஜீப்பும் புதையும்

பழைய பஜிரோ ஒன்றை எடுத்து, மூன்று அங்குலம் உயர்த்தி, 33 அங்குல மட் ரயர் போட்டு, பக்கத்தில் ஸ்நோர்க்கலும் ஏற்றிவிட்டால் வன்னியில் போகாத இடமில்லை. இப்படி ஒரு நம்பிக்கை எங்கள் பெடியளிடம் வேர்விட்டிருக்கிறது. காசு அனுப்பும் கனடா அண்ணன்மாரும் லண்டன் மாமாமாரும் இதையே நம்புகிறார்கள். கராஜ்காரரில் பலர் கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை காசைக் கரைக்கிறது, நல்ல வண்டிகளைக் கெடுக்கிறது, வன்னியைப் பொறுத்தவரை உயிருக்கும் உலை வைக்கக்கூடியது. அதனால்தான் இவ்வளவு கோபத்தோடு எழுதுகிறேன்.

பழைய வண்டியைச் சீர்செய்து காட்டுப் பாதையில் ஓடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீளத் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டிலிருந்த முப்பது வயது ஜீப்பெல்லாம் எட்டாத விலைக்குப் போய்விட்டது. கையிலிருப்பதைக் காப்பாற்றி ஓடும் கலையும் எங்களுக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய மண் இது. அந்தக் கால மெக்கானிக்மார் வண்டி ஓட எது வேண்டுமோ அதைத்தான் பார்த்தார்கள். பார்வைக்கு எடுப்பாக இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்கு நேரமும் இருக்கவில்லை, பொருளும் இருக்கவில்லை.

உயர்த்தும் வேலையையே எடுப்போம். தொண்ணூறுகளின் பஜிரோவுக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. ரோர்ஷன் பார் எனும் முறுக்குக் கம்பிதான் பாரத்தைத் தாங்குகிறது. அதன் போல்ட்டை ஸ்பனரால் இறுக்கினால் மூக்கு நிமிரும். செலவு சொற்பம், வேலையும் சுளுவு, ஆகவே எல்லோரும் செய்கிறார்கள். நிமிர்த்திய பிறகு கீழே குனிந்து பாருங்கள். சில்லுக்குப் போகும் அச்சு முன்னையைவிடச் சாய்ந்து நிற்கும். அதன் மூட்டைப் பொதிந்திருக்கும் ரப்பர் உறை ஒரு பக்கம் இழுபட்டு, மறுபக்கம் மடிப்போடு மடிப்பு உராயும். கொஞ்சக் காலத்தில் அந்த மடிப்பில் வெடிப்பு விழும். சில்லின் உட்புறமெங்கும் கறுப்புக் கிறீஸ் சிதறியிருந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். வெடிப்பு வழியாகக் கிரவல் தூசியும் சுரியும் உள்ளே போய் மூட்டை அரைத்துவிடும்.

இன்னொரு இழப்பும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. பள்ளம் வரும்போது சில்லு கீழே இறங்கி நிலத்தைத் தொட ஒரு தூரம் வேண்டும். போல்ட்டை இறுக்கியபோதே அந்தத் தூரத்தைச் செலவழித்துவிட்டீர்கள். அதனால் இப்படி உயர்த்திய வண்டி, உயர்த்தாத வண்டியைவிட முந்தி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பின் அச்சின் நடுவே தொங்கும் டிபரன்சியலோ இத்தனைக்குப் பிறகும் ஒரு நூலளவும் உயர்ந்திருக்காது. கல்லில் முட்டுவது அதுதான். அதை உயர்த்தக்கூடியது ரயர் மட்டுமே. அதுவும் விட்டம் எவ்வளவு கூடியதோ அதில் பாதிதான்.

அப்படியானால் பெரிய ரயர் போட்டால் சரிதானே என்பார்கள். 29 அங்குலத்திலிருந்து 33க்குப் போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சில்லு 14 வீதம் கூடுதலாக ஓடுகிறது. எல்லாக் கியரும் அந்த அளவுக்குப் பாரமாகிவிடும். அந்தப் பழைய 2.5 லீற்றர் டீசல் எஞ்சின் மேட்டில் திணறும், கிளட்ச் தேயும், சூடு ஏறும். சூடேறினால் அதன் சிலிண்டர் ஹெட் வெடிக்கும் என்பது மெக்கானிக்மார் எல்லாருக்கும் தெரிந்த கதை. பிறேக் மட்டும் பழைய ரயருக்குச் செய்த அதே பிறேக். மீற்றர் 60 காட்டும்போது வண்டி 68இல் ஓடும். இரவில் ஏ-9 வீதியில் மாடு படுத்திருக்கும்போது அந்த எட்டுக் கிலோமீற்றர் சின்ன விஷயமில்லை.

ஸ்நோர்க்கல் எஞ்சின் மூச்சு விடும் குழாயை மட்டுமே மேலே கொண்டுபோகிறது. கியர்பெட்டிக்கும் டிபரன்சியலுக்கும் தனித்தனியே மூச்சுக் குழாய் உண்டு. அவை கீழேயே இருக்கும். சூடான அச்சு குளிர்ந்த வாய்க்கால் நீரில் இறங்கியதும் அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது பால் நிறத்தில் வடியும். பெயர்பெற்ற பழைய லான்ட் றோவர் டிபென்டருக்கே தயாரித்தவர்கள் சொன்ன ஆழம் அரை மீற்றர்தான்.

உழவு இயந்திரம் பெரிய சில்லோடுதானே சேற்றில் போகிறது என்று கேட்பவர்களுக்கு: வாருங்கள், அதையே பார்ப்போம். பழைய மாசி பேர்கூசனில் அந்தச் சில்லுக்கென்றே அமைத்த தாழ்ந்த கியர் இருக்கிறது. வலது குதிகாலருகே ஒரு சின்ன மிதி இருக்கிறது. ஒரு சில்லு வழுக்கிச் சுழலும்போது கமக்காரர் அந்த மிதியை அழுத்துவார். இரண்டு பின் சில்லும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுழலும், இயந்திரம் வெளியே வரும். வந்ததும் காலை எடுத்துவிடுவார். உயர்த்திய பஜிரோ பலவற்றில் அந்தப் பூட்டு இல்லை. ஒரு சில்லு அந்தரத்தில் நின்றால் வலு முழுவதும் அதற்கே ஓடிவிடும். எஞ்சின் அலறும், சேறு தெறிக்கும், வண்டி அசையாது. உயர்த்தும் காசில் பின் டிபரன்சியலுக்கு ஒரு லொக் போட்டிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் அதுகூட வேண்டாம். 32 இறாத்தல் காற்றை 18ஆகக் குறைத்தால் போதும். ரயர் நீளவாக்கில் பரந்து மணலின்மேல் நிற்கும். திரும்பித் தார் வீதியில் ஏற முன் நிரப்பிக்கொள்ள ஒரு சின்னக் கொம்பிரசர் வேண்டும். செசியில் நேரே பூட்டிய கொழுக்கி முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று வேண்டும். ட்ரெயிலர் கொழுவும் இரும்புக் குண்டில் கயிறு போட்டு இழுக்கவே கூடாது. அது முறிந்து பறந்து ஆளைக் கொன்ற சம்பவங்கள் வெளிநாடுகளில் நடந்திருக்கின்றன.

போகாத இடமில்லை என்ற பேச்சுக்கும் வருகிறேன். சேற்றுக் குழி வந்தால் தடத்தை விட்டு விலகிப் பற்றைக்குள் ஏற்றிச் சுற்றிப் போவது இந்த ஓட்டத்தில் எங்கும் உள்ள பழக்கம். வன்னியில் அதைச் செய்யாதீர்கள். முகமாலையில் இன்னும் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி மிதிவெடி எடுக்கிறார்கள். 2017 டிசம்பரில் ஒட்டாவா சாசனத்தில் சேர்ந்த இலங்கைக்கு, எல்லாவற்றையும் அகற்றி முடிக்க 2028 ஜூன் 1 வரை தவணை. மாரி வெள்ளம் வெடியை அடித்துக்கொண்டுபோய் வேறு இடத்தில் விட்டுவிடும். மண்டையோட்டுப் பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆட்கள் நாளும் நடக்கும் தடத்தில் மட்டும் ஓடுங்கள்.

குளக்கட்டும் ஓடிப்பார்க்கும் மேடு இல்லை. மழையில் ஊறிய கட்டில் இரண்டு தொன் வண்டி கீறிவிட்ட தடத்தில் அடுத்த மழைநீர் ஓடும், ஓடி ஓடி மண்ணை அரிக்கும். அதன் கீழே வயல் வைத்திருப்பவர்கள்தான் மண்மூட்டை சுமக்க வேண்டும். 2022 ஒக்டோபரில் யாலவுக்குள் ஜீப்புகள் போட்ட ஆட்டத்தைக் காணொளியில் பார்த்து நாடே கொதித்தது. 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளத்திலும் அது நடக்கக் கூடாது. நடந்தால் பொறுப்பாக ஓடும் எல்லாருக்கும் சேர்த்துப் பாதை மூடப்படும்.

கராஜ்காரரிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஒரு தம்பி வந்து, “அண்ணை, மூண்டு இஞ்சி தூக்கித் தாங்கோ” என்றால், ஸ்பனரை எடுக்க முன் அவனை வண்டிக்குக் கீழே படுக்கச் சொல்லுங்கள். துருப்பிடித்த பிறேக் குழாய், கசியும் அச்சுச் சீல், பிய்ந்த புஷ், எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டுங்கள். றேடியேற்றர் ஹோஸை அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். காசை முதலில் அங்கே போடச் சொல்லுங்கள். கேட்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.