மாணவனுக்கு ஓர் ஆள் வேண்டும்!

பனியன் தைக்கிற வீட்டுப் பிள்ளை பட்டப்படிப்புக்குப் போவது திருப்பூரில் இன்று அதிசயம் அல்ல. காலேஜ் ரோட்டில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, பல்லடம் ரோட்டில் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி. இவ்விரண்டும் உழைப்பாளி வீடுகளுக்குத் திறந்த வாசல்கள். அவிநாசியிலும் பல்லடத்திலும் காங்கயத்திலும்கூட அரசுக் கல்லூரிகள் வந்துவிட்டன. இடம் கிடைத்த அன்று தகப்பனார் கம்பெனியில் மிட்டாய் கொடுக்கிறார். நாமும் மகிழ்கிறோம். ஆனால் உள்ளே போன பிள்ளை மூன்றாண்டு கழித்துப் பட்டத்தோடு வெளியே வருகிறதா என்று நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம்?

அந்தப் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். பகலில் வகுப்பு. வகுப்பு விட்டதும் செக்கிங் டேபிளிலோ, பேக்கிங்கிலோ, காஜா பட்டன் போடுமிடத்திலோ வேலை. ஷிப்மென்ட் நெருங்கினால் இரவு முழுவதும் கண் விழிப்பு. மறுநாள் காலை வகுப்பில் தூக்கம் சுழற்றுகிறது. பள்ளியில் தமிழில் படித்து வந்தவனுக்குப் பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. முதல் பருவத்தில் இரண்டு தாள் போகிறது. அடுத்த பருவத்தில் அது நான்காகிறது. 75 சதவீத வருகை இல்லையென்றால் அபராதம், அல்லது தேர்வெழுதத் தடை. யாரிடம் போய்ச் சொல்வான்? வீட்டில் சொன்னால், “அரியர் என்றால் என்னப்பா?” என்று கேட்கிற தாய். ஆபீசில் கேட்டால், “நோட்டீஸ் போர்டைப் பார்” என்கிற பதில். ஒரு நாள் பையை மூலையில் போட்டுவிட்டு ஒன்றரை ஷிப்டுக்குப் போய்விடுகிறான். சனிக்கிழமை கையில் சம்பளம் வருகிறது. படிப்பு நின்றதை ஊர் கேட்பதே இல்லை.

இதைப் ‘படிப்பு ஏறாத பிள்ளை’ என்று சொல்வது பொய். தனியாக விடப்பட்ட பிள்ளை என்பதே உண்மை.

பணம் ஒரு பாதி. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்டது. இரண்டையும் வரவேற்கிறோம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் அந்த ஆயிரம் உதவும். ஆனால் புரியாத பாடத்தை ஆயிரம் ரூபாய் புரியவைக்குமா? வீட்டில் குடித்துவிட்டு அடிக்கிற தகப்பனைப் பற்றி மகள் அந்த ரூபாய் நோட்டிடமா சொல்லி அழுவாள்?

1956ல் தமிழகப் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. படிப்புச் சொல்லித்தருகிற இடத்தில் சோறு எதற்கு என்று யோசித்திருந்தால், நம்மில் பலருடைய அப்பாவும் அம்மாவும் மூன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள். பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்று கண்டோம். கலங்கிய மனத்திலும் ஏறாது என்பதை ஒப்புக்கொள்ள இன்னும் எத்தனை காலம் வேண்டும்?

விபரீதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கே சாட்சி. 2022ல் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். விசாகப்பட்டினத்தில் தங்கிப் படித்த ஒரு மாணவியின் மரணம் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 2025 ஜூலை 25ல் தீர்ப்பளித்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதி பெற்ற மனநல ஆலோசகரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும். உதவி எண்கள் வகுப்பறையிலும் விடுதியிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதப்பட வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும். சட்டம் வரும்வரை இவை கட்டுப்படுத்தும் விதிகள் என்று தீர்ப்பு சொல்கிறது. யாரும் போடுகிற பிச்சையல்ல இது. நம் பிள்ளைகளின் உரிமை.

“எங்களிடம் ‘மென்டர்’ முறை இருக்கிறதே!” என்று நிர்வாகங்கள் சொல்லக்கூடும். ஆம், பட்டியல் இருக்கும். இத்தனை மாணவருக்கு இன்ன ஆசிரியர் என்று ரிஜிஸ்தர் இருக்கும். பார்வையிட வருகிறவர்களுக்குக் காட்ட அது உதவும். அந்த ஆசிரியர் யார்? அரசுக் கல்லூரிகளில் பாதிச் சுமையைத் தூக்குகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில்தான் கௌரவம், கையில் தொகுப்பூதியம், அடுத்த ஆண்டு வேலை உண்டா என்ற கவலை. தன் வேலைக்கே உறுதி இல்லாதவரிடம் பாடமும் நடத்து, விடைத்தாளும் திருத்து, மாணவன் மனத்தையும் தேற்று என்றால் எப்படி நடக்கும்? அவர்களை நாம் குறை கூறவில்லை. இரவு எட்டு மணிக்கும் மாணவனின் போனை எடுத்துப் பேசுகிற நல்லாசிரியர்கள் உண்டு. ஆனால் ஒரு சிலரின் நல்ல மனத்தை நம்பி ஓர் ஏற்பாட்டை நடத்த முடியாது. தனிப் பதவி, தனி அறை, முழு நேரச் சம்பளம் உள்ள ஆலோசகர் வேண்டும். ஆங்கிலத்திலும் கணக்கிலும் பின்தங்கிய முதலாண்டு மாணவருக்கு மாலை வகுப்பு வேண்டும். உதவித்தொகை மனு நிரப்பித் தர ஒரு மேஜை வேண்டும்.

தோழர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. ‘மனநலம்’ என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். “பைத்தியக்காரனுக்கல்லவா அந்த டாக்டர்!” என்று சிரிக்கிறார்கள். ஓவர்லாக் மிஷின் சத்தம் மாறினால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். பெற்ற மகன் நான்கு நாளாகப் பேசாமல் கிடந்தால் “திமிர்” என்கிறோம்! 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சுங்கவரியை 50 சதவீதமாக ஏற்றியபோது பல கம்பெனிகளில் ஆர்டர் நின்றது. வாரச் சம்பளம் சுருங்கியது. அந்த நாட்களில் அப்பாவிடம் தேர்வுக் கட்டணம் கேட்கத் தயங்கி, படிப்பையே விடலாமா என்று நினைத்த பிள்ளை நம் தெருவிலும் இருந்திருக்கும். அதன் மௌனத்தை யாராவது கேட்டோமா?

1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. ஒரு கல்லூரிக்கு ஓர் ஆலோசகரைக் கேட்டு வாங்க அவ்வளவு நாள் தேவைப்படாது.

இந்த மாதமே தொடங்குங்கள். பிள்ளை படிக்கிற கல்லூரியின் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். மூன்றே கேள்விகள்: ஆலோசகர் யார்? எந்த அறையில், எந்த நேரத்தில் இருப்பார்? 14416 என்ற இலவச மனநல உதவி எண் எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது? வாய்மொழிப் பதில் போதாது. மழுப்பினால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலின் நகலை நமது காரியாலயத்துக்கு அனுப்புங்கள். கல்லூரிவாரியாக அப்படியே வெளியிடுவோம்.