அமராவதியின் கணக்கு

சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன். தறிச்சத்தத்துக்கு மேல் கத்தித்தான் அம்மா எனக்கு அம்பிகாபதி கதையைச் சொன்னார். "எல்லாம் அந்தப் புள்ளையாலதான் கண்ணு. இன்னொரு பாட்டு பொறுத்திருந்தா ரெண்டு உசுரும் பொழைச்சிருக்கும்." வெகுகாலம் நானும் அப்படித்தான் நம்பினேன்.

கதை தெரியாதவர்களுக்காக: சோழன் அவையில் கம்பரின் மகன் அம்பிகாபதி, இளவரசி அமராவதியைக் காதலிக்கிறான். சிற்றின்ப வாடையே இல்லாமல் நூறு பாட்டுப் பாடினால் உயிர்ப்பிச்சை. அமராவதி காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணி, தொண்ணூற்றொன்பதிலேயே எட்டிப் பார்த்துவிடுகிறாள். அவளைக் கண்டவன் அவளைப் பாடுகிறான். தலை போகிறது.

1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இதைப் படமாக்கினார். தமிழே தெரியாத அமெரிக்கர். வசனம் இளங்கோவன். பாகவதர், எம்.ஆர். சந்தானலட்சுமி, கம்பராக செருகளத்தூர் சாமா. காதல் காட்சிகளில் ரோமியோ ஜூலியட் சாயல் உண்டு. நான் ரசித்துத்தான் பார்த்தேன், பாகவதர் குரலுக்கு மயங்காதவன் யார்? 1957இல் சிவாஜியும் பானுமதியும் நடித்து மறுபடியும் வந்தது. இரண்டையும் 'அமர காதல்' என்றே எழுதுகிறோம். இந்த வார்த்தை மீதுதான் எனக்குக் கோபம். மகளின் காதலனை அப்பா கொல்கிறார். இதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது: ஆணவக்கொலை.

அது நம் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் அந்த நூறு. நிபந்தனை ஒன்று வந்துவிட்டால் கொலை தேர்வாக மாறிவிடுகிறது. தேர்வில் தோற்றவர்கள் மீது நாம் பரிதாபப்படுவோம், வினாத்தாள் தயாரித்தவனைக் கேள்வி கேட்கமாட்டோம். காதலில் இருப்பவன் காதலைப் பாடக்கூடாது என்பதெல்லாம் ஒரு பரீட்சையா?

கூலிக்கு நெய்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இது புதிதில்லை. பாவு அவர்கள் கொடுப்பது. நூல் நைந்துபோய் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறும். அப்பா நின்று நின்று முடிச்சுப் போடுவார். பீஸ் திரும்பிப் போனதும் அங்கே விரித்துப் பார்த்து, டேமேஜ் என்று கூலியில் பிடித்துவிடுவார்கள். நூலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவைத் திட்டுவார், நீ கவனிச்சிருக்கணும் என்று. அமராவதியைத் திட்டுவதும் இப்படித்தான்.

2016 மார்ச் 13. எங்கள் ஊரிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவில், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்த ஒரு தலித் இளைஞனை வெட்டிக் கொன்றார்கள். அவன் மனைவிக்கும் வெட்டு. மறுநாள் டீக்கடையில் பேப்பரை மடித்துவிட்டு ஒரு பெரியவர் சொன்னார்: "அந்தப் புள்ள கொஞ்சம் பொறுத்திருக்கலாமுங்க." அம்மா சொன்ன அதே வாக்கியம். எனக்குக் கையில் டீ நடுங்கியது.

தனுஷின் 'ராஞ்சனா' 2013இல் தமிழுக்கு வந்தபோது வைத்த பெயரும் 'அம்பிகாபதி'தான். 2025இல் செயற்கை நுண்ணறிவை வைத்து அதன் நாயகனைப் பிழைக்கவைத்து வெளியிட்டார்கள். இயக்குநரும் தனுஷும் எதிர்த்தார்கள், நாமும் இரண்டு வாரம் சண்டை போட்டோம். முடிவை யார் மாற்றலாம் என்பதற்கு இவ்வளவு கூச்சல் போட்ட நாம், பழைய கதையில் அந்தச் சோழனை ஒருமுறையாவது திட்டியிருக்கிறோமா?

அம்மாவிடம் போன வாரம் கேட்டேன். "ராசா சொன்னா சொன்னதுதானேடா" என்றார். பிறகு தறியை நிறுத்திவிட்டு, "அவளுக்கு எண்ணத் தெரியாம இல்ல. பயத்துல எண்ணியிருப்பா" என்றார்.