எவருடைய பத்திரிகையில் எண்ணப்படும் ஆபத்து?

உலக அரசியல் நெருக்கடிகள் பொருளாதாரத்தை எந்த அளவுக்கு அச்சுறுத்துகின்றன என்பதை அளப்பதற்கு ஒரு சுட்டெண் இருக்கிறது. அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசேர்வைச் சேர்ந்த டாரியோ கால்டாரா, மத்தேயோ யாக்கோவியெல்லோ ஆகிய இரு பொருளியலாளர்கள் வகுத்தது அது. மத்திய வங்கிகளும் முதலீட்டாளர்களும் அதனைக் கவனித்து வருகிறார்கள். அதனைக் கணிக்கும் முறை மிகவும் எளிமையானது. போர், போர் அபாயம், பயங்கரவாதம் ஆகியவை குறித்துப் பத்துப் பத்திரிகைகளில் வெளியாகும் கட்டுரைகளை எண்ணி, அவை மொத்தக் கட்டுரைகளில் என்ன விகிதம் என்று பார்க்கிறார்கள். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகை அலுவலகங்களில் கழித்த எனக்கு இதை அறிந்தபோது ஓரளவு பெருமையாகவே இருந்தது.

அந்தப் பத்துப் பத்திரிகைகளின் பெயர்களைப் பார்த்தபோது பெருமை குறைந்துவிட்டது. ஆறு அமெரிக்காவினுடையவை, மூன்று பிரிட்டனுடையவை, ஒன்று கனடாவினுடையது. அனைத்தும் ஆங்கிலம். இதனை அந்த ஆய்வாளர்கள் மறைக்கவில்லை; அவர்களைக் குறை சொல்வதும் எனது நோக்கமல்ல. தனித்தனி நாடுகளுக்கென அவர்கள் தயாரிக்கும் சுட்டெண்களில் 44 நாடுகள் அடங்குகின்றன. இலங்கை அவற்றில் இல்லை. வாஷிங்டனிலும் இலண்டனிலும் ஆசிரியபீடங்களில் இருப்பவர்களைக் கலங்கவைக்கும் செய்தி எதுவோ அதுவே உலகின் ஆபத்தாகப் பதிவாகிறது என்பதே நான் சொல்லவருவது.

1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படைகள் குவைத்திற்குள் நுழைந்தன. அந்தச் சுட்டெண் செங்குத்தாக எழுந்த காலகட்டங்களில் அதுவும் ஒன்று. அன்றிரவு கொழும்பில் எமது அலுவலகத்தின் தொலையச்சு இயந்திரம் ஓயவில்லை. எண்ணெய் விலை பற்றியும் சதாம் ஹுசைன் பற்றியும் வந்துகொண்டிருந்த தாள்களைக் கிழித்துக் கிழித்து மொழிபெயர்த்தோம். அடுத்த நாள் காலை அலுவலக வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். மகள் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். "தம்பி, உங்களிட்டைப் பேர் விவரம் ஏதாவது வந்திருக்கோ?" என்று கேட்டார். எங்களிடம் பீப்பாய் ஒன்றின் விலைதான் இருந்தது. அப்போது குவைத்தில் சுமார் ஒரு இலட்சம் இலங்கையர்கள் தொழில் புரிந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணம் நின்றது. இலங்கைத் தேயிலையை வாங்கிவந்த ஈராக் மீது ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நான்கே நாட்களில் தடை விதித்தது. எங்களைப் பொறுத்தவரை வளைகுடா நெருக்கடி என்பது இந்த இரண்டும்தான். எண்ணெய் அதற்கு அடுத்தது.

அதே நாட்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஜாம் போத்தலில் திரிபோட்டு விளக்கெரிக்கும் காலம் தொடங்கியிருந்தது. அங்கு மண்ணெண்ணெயை எட்டாத பொருளாக்கியது சதாம் அல்ல, எமது அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. அது எந்தச் சுட்டெண்ணையும் அசைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வெளியே பார்த்துக்கொண்டிருப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வீட்டுக்குள் நடப்பதற்கு வெளியிலிருந்தே காரணம் கிடைத்துவிடும். 2022 பெப்ரவரி 24ஆம் திகதி ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. மார்ச் மாதத்தில் எண்ணெய் பீப்பாய் ஒன்று 130 டொலரைத் தாண்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பில் கொவிட் பெருந்தொற்றும் உக்ரேன் போரும் காரணங்களாகக் கூறப்பட்டன. போர் மூண்டு ஏழு வாரங்களும் நிறையவில்லை. ஏழு வாரத்தில் ஒரு நாடு வங்குரோத்தாகுமா?

போர் எங்களைத் தாக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆண்டின் தொடக்கத்தில் வந்த உல்லாசப் பயணிகளில் ரஷ்யரும் உக்ரேனியரும் முன்வரிசையில் இருந்தார்கள். ஆனால், 2019 இறுதியில் 760 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு, போருக்கு முன்னரே, 2021 இறுதியில் 310 கோடியாகக் கரைந்துவிட்டது. அதிலும் ஏறத்தாழப் பாதி சீனாவின் நாணயப் பரிமாற்று ஏற்பாட்டின் மூலம் வந்தது. 2019 இறுதியில் வரிகள் வெட்டப்பட்டன. 2020 செப்டெம்பரில் மூடிஸ் நிறுவனம் நாட்டின் கடன் தரத்தை இரண்டு படிகள் கீழிறக்கியபோது அரசாங்கம் அந்த நிறுவனத்தின் மீது பாய்ந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. இவற்றில் எதற்கும் புட்டின் பொறுப்பல்ல.

இந்த வலைப்பக்கத்தை வாசிப்பவர்களில் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் டோகாவிலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்றை நினைவூட்டவேண்டும். 2020இல் வங்கிகளின் ஊடாக நாட்டுக்கு வந்த பணம் 710 கோடி டொலர். 2021இல் அது சுமார் 550 கோடி, 2022இல் சுமார் 380 கோடி. நீங்கள் ஊரை மறந்துவிட்டீர்களா? இல்லை. மத்திய வங்கி டொலரை 203 ரூபாவுக்கு அருகில் பிடித்து நிறுத்திவைத்திருந்தது. உண்டியல்காரர் அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொடுத்தார். அம்மாவின் மருந்துச் செலவுக்குப் பணம் அனுப்பும் மகன் எதைத் தெரிவு செய்வான்? சட்டப்படி அது குற்றம். ஆனால், ரூபாவின் உண்மையான பெறுமதி என்ன என்பதை நாட்டின் பொருளியல் நிபுணர்களுக்கு முன்பே ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் ஒவ்வொரு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்த நிறுவனத்தின் சுட்டெண்ணும் எமக்குத் தந்திருக்கமுடியாத எச்சரிக்கை அது.

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபோதும், 2025 ஜூனில் ஈரானும் இஸ்ரேலும் மோதிக்கொண்டபோதும் எமது பத்திரிகைகள் வரைபடங்களுடன் பக்கம் பக்கமாக எழுதின. நல்லது, எழுதவேண்டியதுதான். தேயிலைக் கொள்கலன் ஒன்றை ஐரோப்பாவுக்கு அனுப்ப இப்போது என்ன செலவாகிறது என்று விசாரித்து எழுதியவர்கள் சிலரே.

மற்றவர்களை மட்டும் சொல்வது நேர்மையாகாது. நான் பணியாற்றிய பத்திரிகைகளில் நாணயமாற்று வீதம் உட்பக்கமொன்றின் மூலையில் பொடி எழுத்தில் வரும். அது வங்கி தரும் எண். உண்டியல் விலையையும் பக்கத்தில் போட்டால் என்ன என்று இளம் செய்தியாளர் ஒருவர் ஒருமுறை கேட்டார். சட்டவிரோதத் தொழிலுக்கு விளம்பரம் கொடுப்பதாகிவிடும் என்று மறுத்தவர்களில் நானும் ஒருவன். நான் இளைப்பாறிய பின்னரும் அந்த வழக்கம் மாறவில்லை. 2021இல் அந்த இரண்டு எண்களும் வாரந்தோறும் அருகருகே வெளிவந்திருந்தால், தமது சேமிப்பு முழுவதையும் ரூபாவாக வங்கியில் வைத்துவிட்டு 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதப் பணவீக்கத்தைச் சந்தித்த ஓய்வூதியகாரர்களுக்கு, ஆறு மாதங்கள் முன்னதாகவேனும் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கும்.