பனியன் ஊருக்கு ஜெர்மன் லாரி எதுக்கு?

ரயில் மாடல் லேஅவுட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வரி. கட்டில் அகலத்துக்கு ஒரு பலகை, அதில் தண்டவாளம், ஸ்டேஷன், ரோடு, ரோட்டில் வண்டிகள். ரயில் ஓடும், மற்றதெல்லாம் சும்மா நிற்கும். பெரிய அளவில் பார்க்க ஆசை இருந்தால் புனே கோத்ரூடில் 1998ல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியத்துக்குப் போகலாம். ஹெச்ஓ ஸ்கேல், அதாவது நிஜ அளவில் 87ல் ஒரு பங்கு.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் நம்ம ஊர்ப் பக்கமும் உண்டு. எஞ்சின் விஷயத்தில் உயிரை விடுவார்கள். டபிள்யூஏபி-4 எஞ்சினில் ஈரோடு ஷெட் பெயர் சரியான இடத்தில் இல்லையென்றால் அன்றைக்குத் தூக்கம் வராது. சரி, ஸ்டேஷன் வாசல் ரோட்டில் என்ன நிற்கிறது? ஜெர்மன் பென்ஸ் ட்ரக். ஸ்டியரிங் இடது பக்கம்! பக்கத்தில் ஒரு ஃபோக்ஸ்வேகன் வேன், அதன் கதவில் ஏதோ ஜெர்மன் பேக்கரி பெயர். போர்டில் மட்டும் மூன்று மொழியில் 'திருப்பூர்'.

கேட்டால் வரும் பதில்: "இந்திய வண்டி ஹெச்ஓ ஸ்கேல்ல கிடைக்காதுங்க. ஸ்கேல் தப்பாயிடும்."

ஸ்கேலா? நம்ம அகல ரயில்பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். கடையில் விற்கும் ஹெச்ஓ தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான், அது 1435 மில்லிமீட்டர் ஐரோப்பியப் பாதைக்குப் போட்ட கணக்கு. ஆக, இவர்கள் லேஅவுட்டில் ஈரோடு எஞ்சின் ஓடுவதே ஐரோப்பா தண்டவாளத்தில். அதைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியவர்கள் குட்டியானை விஷயத்தில் மட்டும் தராசைத் தூக்குகிறார்கள்.

காசுக் கணக்கையும் பார்க்கலாம். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60க்கு ஏறியது. 2023ல் 70. ஸ்கேல் மாடலும் அதே தலைப்பில்தான் வருகிறது. இத்தனையும் கட்டி வாங்கிய லாரியை டப்பாவை விட்டு வெளியே எடுக்காத இன்னொரு கூட்டம் வேறு இருக்கிறது. "பிரிச்சா ரீசேல் வேல்யூ போயிடும்" என்பார்கள். அதற்கு ஃபிக்சட் டெபாசிட் போட்டுவிடலாம், தூசு தட்டுகிற வேலையாவது மிச்சம்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், வண்டியை மாற்றிக் கட்டுவதில் இந்தக் கொங்கு மண்டலத்தை மிஞ்ச ஆளில்லை. டாடாவும் லேலண்டும் காலங்காலமாக லாரியை வெறும் சேஸிஸாக, முன்மூஞ்சி மட்டும் வைத்து விற்றார்கள். கேபினும் பாடியும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் கட்டினார்கள், பஸ் என்றால் கரூர். கண்ணாடிக்கு மேல் வரும் நெற்றிப் பலகை, கேபின் உள்ளே சாமி படத்துக்கான இடம், பின்பக்கம் 'சவுண்ட் ஹாரன்', கட்டைக்குக் கட்டை மாறும் பெயிண்ட்... இதெல்லாம் எந்தக் கம்பெனி கேட்டலாக்கிலும் இருக்காது. ஆசாரி கை வண்ணம்.

அது போய்க்கொண்டிருக்கிறது. இப்போது கம்பெனியே கேபின் போட்டு அனுப்புவது அதிகம். 2025ல் அமலான விதிப்படி புதிதாகத் தயாராகும் பெரிய சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயம். டிரைவருக்கு நல்லது, அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் பழைய மரக் கேபின் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. அம்பாஸடர் உற்பத்தி 2014லேயே நின்றது. அதையாவது ஆயிரம் பேர் மாடல் செய்வார்கள். திருச்செங்கோட்டு லாரிக் கேபினை பெர்லினில் உட்கார்ந்துகொண்டு எவன் செய்வான்?

"சரி, எப்படிச் செய்வது?" அளவு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டாடா ஏஸ் 3.8 மீட்டர், ஹெச்ஓவில் 4.4 சென்டிமீட்டர். 11 மீட்டர் பஸ் என்றால் பன்னிரண்டரை சென்டிமீட்டர் சொச்சம். ஹாட் வீல்ஸை நம்பி ஏமாற வேண்டாம். பெயருக்கு 64ல் ஒரு பங்கு என்பார்கள், பஸ்ஸானாலும் காரானாலும் ஒரே அட்டைக்குள் அடங்கும்படி சுருக்கியிருப்பார்கள். ஆனால் அதன் சக்கரமும் அச்சும் உதவும். சின்ன கார்களின் சக்கரம் ஹெச்ஓ லாரிக்குப் பொருந்தும். அடியில் இருக்கும் ரிவெட்டை டிரில் போட்டால் தனியாகக் கழன்று வரும். பாடிக்கு ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்.

மீதிச் சாமானுக்குத் திருப்பூரைவிட வசதியான ஊர் கிடையாது. எக்ஸ்போர்ட் டேக்கின் கெட்டி அட்டை லாரியின் பக்கப் பலகை ஆகும். ஏஸில் ஏற்றும் துணி ரோலுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சியை வெட்டி, கட்டிங் வேஸ்ட் துணுக்கைச் சுற்றினால் போதும். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தினால் தார்ப்பாய். கை துடைக்க பனியன் வேஸ்ட், அதற்கு விளக்கம் வேண்டாம். நம்பர் பிளேட் மஞ்சளில் கறுப்பு எழுத்து, டிஎன் 39 அல்லது 42. அரை மீட்டர் பிளேட் ஹெச்ஓவில் ஆறு மில்லிமீட்டர்கூட வராது. கை நடுங்கும், முதல் நாலு வீணாகும்.

ஒரு எச்சரிக்கை. வண்டிதான் லேஅவுட்டின் காலண்டர். ஏஸ் வந்தது 2005ல். அதை நிறுத்திவிட்டு எதிரில் நீராவி எஞ்சினில் பாசஞ்சர் ஓட்டினால், ஜெர்மன் பென்ஸைக் கிண்டல் செய்யும் தகுதி போய்விடும்.

அடுத்த பார்சலுக்கு ஆர்டர் போடும் முன் ஒரு சாயங்காலம் நிட்டிங் யூனிட் இருக்கும் ஏதாவது ஒரு சந்தில் டேப்பும் நோட்டுமாகப் போய் நில்லுங்கள். பின்கதவு தரையிலிருந்து எவ்வளவு உயரம், துணி ரோல் எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, டிவிஎஸ் எக்ஸெல்லில் எத்தனை மூட்டை, எல்லாம் அளக்கலாம். டிரைவர் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அளங்கள். லோடு ஏற்றும் நேரத்தில் மட்டும் கேட்காதீர்கள், திட்டு விழும்.