யாருடைய தோலுக்கு நன்மை?

மல்லிகை மணமேற்றிய வெள்ளைத் தேநீர் நல்லதொரு பானம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மணத்துக்காகவும் சுவைக்காகவும் அருந்துவோர் தாராளமாக அருந்தட்டும். ஆனால் அது தோல் சுருக்கத்தை நீக்கும், முதுமையைத் தள்ளிப்போடும் என்று சொல்லி, அச்சொல்லுக்கு அறிவியலைச் சாட்சிக்கு அழைக்கும்போது பேச்சு நம் தொழிலைப் பற்றியதாகிவிடுகிறது. ஆய்வாளர்களாகிய நாம் மறுமொழி கூறியாக வேண்டும்.

முதலில் பெயர். இதில் 'வெள்ளை' என்பது தேயிலை மொட்டைப் போர்த்தியிருக்கும் வெண்ணிற மென்மயிரைக் குறிக்கிறது. சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் வளர்ந்த முறை இது; கொழுந்தை வாட்டி உலர்த்துவார்கள், உருட்டுவதில்லை. மாலையில் விரியும் மல்லிகை மொட்டுகளை அதனோடு அடுக்கி, இரவெல்லாம் மணமேற்றி, பின் பூவைப் பிரித்தெடுப்பார்கள். தோவாளைச் சந்தையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து, இங்கே முழம்போட்டு விற்கும் நம் குண்டுமல்லியின் இனந்தான் அது. இந்த வெண்மைக்கும் மனிதத் தோலின் நிறத்துக்கும் எந்த உறவும் இல்லை. ஆயினும் சிவப்பழகை நெடுங்காலம் விலைக்கு வாங்கிய நாட்டில் 'வெள்ளை' என்ற சொல்லே பாதி விற்பனையை முடித்துவிடுகிறது. 2020-இல் புகழ்பெற்ற களிம்பு ஒன்று தன் பெயரிலிருந்து அந்த நிறத்தை நீக்கிக்கொண்டது. நம் மனத்திலிருந்து அது நீங்கவில்லை.

அடுத்தது சான்று. அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, லண்டன் கிங்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட கட்டுரை. இயற்கை அழகுப்பொருள் நிறுவனம் ஒன்றின் ஒத்துழைப்போடு 21 தாவரச் சாறுகளைச் சோதித்தார்கள். தோலின் கொலாஜனையும் எலாஸ்டினையும் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பதில் வெள்ளைத் தேயிலை முன்னின்றது. நேர்மையான முடிவுதான்; ஆனால் சோதனைக் குழாய்க்குள் கிடைத்த முடிவு. குழாயிலுள்ள நொதிக்கும் கோப்பையை ஏந்தியவரின் கன்னத்துக்கும் இடையே இரைப்பை, குடல், கல்லீரல், இரத்தம் என்று நீண்ட வழி இருக்கிறது. தேயிலையின் கேட்டகின்களில் மிகச் சிறு பகுதியே அவ்வழியைக் கடக்கிறது.

மனிதரிடம் செய்த ஆய்வுகள் இல்லையா? உண்டு, ஆனால் நான் குறிப்பிடும் இரண்டும் பசுந்தேயிலையைப் பற்றியவை. 2011-இல் ஜெர்மனியில் 60 பெண்களுக்கு 12 வாரங்கள், நாளொன்றுக்குச் சுமார் 1,400 மில்லிகிராம் கேட்டகின் கொடுத்தபோது, புற ஊதாக் கதிரால் தோல் சிவப்பது குறைந்தது. ஒரு கோப்பைத் தேநீரில் அந்த அளவு கிடைக்காது. 2015-இல் இங்கிலாந்தில் 50 பேரிடம் அதே கால அளவில் செய்த ஆய்வு குறிப்பிடத்தக்க பயன் எதையும் காணவில்லை. ஆக, வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டதாகப் பறையறைவது வணிகம். அதற்குப் பறை செய்து கொடுப்பவர்கள் நாம். ஆய்வேடுகளின் முன்னுரையில் 'நிரூபிக்கப்பட்டுள்ளது' என்று தயக்கமின்றி எழுதுகிறோம். எலியா, குழாயா, மனிதரா என்பதை விழுங்கிவிடுகிறோம். உணவு குறித்துத் தவறான விளம்பரம் செய்வோருக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. தவறான முன்னுரைக்கு நாம் முனைவர் பட்டம் வழங்குகிறோம்.

தீங்கற்ற பானந்தானே, போகட்டுமே என்பார்கள். தீங்கு பானத்தில் இல்லை; எந்தத் தோலைப் பற்றிக் கேள்வி எழுப்புகிறோம் என்பதில் இருக்கிறது. இதே கேரளத்தின் மூணாறு மலைகளில் கொழுந்து கிள்ளும் பெண்களில் பெரும்பாலோர் தமிழர். வெயில், மழை, அட்டைக்கடி, பூச்சிமருந்து அனைத்தையும் தாங்குவது அவர்கள் தோல். 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவைத்து, 20 விழுக்காடு போனசும் 500 ரூபாய் நாட்கூலியும் கேட்டார்கள். போனஸ் கோரிக்கை நிறைவேறியது; கூலி 301 ரூபாயில் நின்றது. தேயிலை அருந்துபவரின் சுருக்கத்தை அளக்கக் கருவியும் நிதியும் இருக்கின்றன. தேயிலை கிள்ளுபவரின் விரல் வெடிப்பை அளக்க நம்மில் எத்தனை பேர் மலையேறியிருக்கிறோம்?

மாணவர்களிடம் நான் வேண்டுவது மூன்று. ஒரு முடிவை மேற்கோள் காட்டும்போது அது குழாயிலா, விலங்கிலா, மனிதரிலா என்று அதே வாக்கியத்தில் எழுதுங்கள். அளவைக் குறிப்பிடுங்கள். பணம் யாருடையது என்று சொல்லுங்கள். அடுத்து எவரேனும் 'தேயிலையும் தோலும்' என்று ஆய்வுத் தலைப்பு எடுத்தால், கள ஆய்வை அழகு நிலையத்தில் அன்று, தோட்டத்து லயத்தில் தொடங்குங்கள்.